காணாமல் போன வரி

இருபதாம் தேதி, இரவு ஒன்பது நாற்பது.
மாயழகு லேத் ஒர்க்ஸின் மாதக் கணக்கை
இன்னும் ஏற்றவில்லை.
பன்னிரண்டு தாண்டினால்
நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்.
அது போகட்டும், மாயழகு அண்ணன் வாயை யார் அடைப்பது?
ஓடிபி வரும்போது எழுப்பு தாயி என்று
படுத்துவிட்டார்.

நெட்வொர்க் பக்கத்தைத் திறக்கிறேன்.
ஈதர்நெட் இருக்கிறது. டயல்-அப் இருக்கிறது,
எந்தக் காலத்துக்கோ.
வைஃபை என்ற வரி இல்லை.
கட்ட வேண்டிய வரி மட்டும் இருக்கிறது.

அணைந்திருந்தால் போட்டுவிடலாம்.
கடவுச்சொல் தப்பென்றால் திருத்தலாம்.
இது
சாப்பிட உட்காருமுன்னே
இலையை எடுத்துவிட்டது.

ரூட்டர் ஜன்னலோரம்
பச்சைக் கண் சிமிட்டி
நான் என்ன செய்தேன் என்கிறது.
அதையும் ஒருதரம் பிடுங்கிச் செருகினேன்.
கம்ப்யூட்டரை மூன்றுதரம் அணைத்தேன்.
விமானம் படம் போட்ட பொத்தானைத் தட்டினேன்,
ஜெய்ஹிந்த்புரத்தில் எவன் பறக்கப்போகிறான்.

டிவைஸ் மேனேஜரில்
மறைந்ததையும் காட்டு என்றதும் காட்டியது:
சாம்பல் நிறத்தில் ஒரு பெயர்,
ரேஷன் கார்டில் நீக்கியும் நீக்காத
மாதிரி.
டிரைவரைப் புதுப்பி என்றேன்.
இணையத்தில் தேடட்டுமா என்று கேட்டது.
சாவி உள்ளே இருக்கிறது என்று
பூட்டிய கதவே சொன்னால்
யாரை வைவது?

டவுன்ஹால் ரோட்டு இருளப்பனுக்குப் போன் போட்டேன்.
"கார்டு போயிருக்கும்க்கா. வியாழக்கிழமை கொண்டாங்க."
என் போனில் இன்றைய ஒன்றரை ஜிபியை
வீட்டுக்காரர் கபடி பார்த்துத் தீர்த்திருந்தார்.

அப்போதுதான் நினைவு வந்தது,
நீலக் கேபிள்.
ரூட்டரில் ஒரு முனை, இதில் ஒரு முனை,
வைஃபையின் தயவே வேண்டாம்.
எங்கே வைத்தேன்?
பரணில் இல்லை. தையல் மெஷின் அடியில் இல்லை.
மொட்டைமாடியில் இருக்கிறது,
டேங்க் குழாய்க்கும் டிஷ் கம்பிக்கும் நடுவே,
துணிக்கொடியாக.

அதில் காய்வது மாடிவீட்டு ராயப்பன் லுங்கி.
பங்குனியில் மோட்டார் சண்டை.
நாலு மாதமாக
படியில் எதிரே வந்தால்
ஆளுக்கொரு சுவரைப் பார்ப்போம்.

போன் வெளிச்சத்தில் முடிச்சை நோண்டிக்கொண்டிருக்கிறேன்,
பின்னால் கதவு திறக்கிறது.
"யாரு அது?"
பிலோமினா.
நான்தான் என்றேன். வேறென்ன சொல்ல?
கேபிள் என்றேன். கம்ப்யூட்டர் என்றேன். பன்னிரண்டு மணி என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரத்துணியை ஒவ்வொன்றாக எடுத்து
தோளில் போட்டுக்கொண்டாள்.
வெயிலில் இறுகிய முடிச்சைப்
பல்லால் கடித்து அவிழ்த்தவளும் அவள்தான்.

இரண்டு வருஷ வெயில் தின்ற கேபிள்.
நீலம் என்று சொல்ல முடியாது.
ஒரு முனையில் கிளிப் ஒடிந்து
செருகினால் நிற்கவில்லை.
பிலோமினா குனிந்து
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.
ஆரஞ்சு விளக்கு ஒன்று
வந்தது, போனது, வந்தது.
"அசையாதீங்க."
"மூச்சு விடலாமா?"

பதினொன்று ஏழு.
மாயழகு அண்ணன் நாலாவது ரிங்கில் எடுத்து
ஆறு எண்ணைத் தூக்கத்தில் சொன்னார்,
ஒன்பதா ஆறா என்று இரண்டுதரம் கேட்டேன்.

ஓரத்தில் ஒரு கட்டம் திறந்து நிற்கிறது:
இந்த நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்கள்
உங்களைக் கண்டுகொள்ள அனுமதிக்கலாமா?

ஆம், இல்லை.
முதலில் பணம் போகட்டும்.
என் நாற்காலி முதுகில்
ராயப்பன் லுங்கி சொட்டிக்கொண்டிருக்கிறது.
விரல் வலிக்குதா என்றேன்.
"நீங்க கட்டி முடிங்க" என்றாள்.